ஒரு வீட்டின் நினைவு



சமையல் எரிவாயு இன்னும் எத்தனை நாளைக்குப் போதும்? பாட்டனாரின் கிளினிக் எந்தத் திகதியில்? மின்கட்டணப் பட்டியல் வந்ததா, வந்ததாயின் பணம் கட்டப்பட்டதா? சின்னவளுக்கு நாளைக்கு விளையாட்டுடை வேண்டுமா, வெள்ளைச் சட்டை வேண்டுமா? அயல் வீட்டில் இரவல் வாங்கிய ஏணி திருப்பிக் கொடுக்கப்பட்டதா? நாளை தோசை சுடுவதாயின் உழுந்து ஊறப்போட்டாயிற்றா? ஒரு சாதாரண குடும்பத்தில் விடிந்தது முதல் அடையும் வரை எழுகின்ற இத்தகைய வினாக்களை எண்ணப் புகுந்தால் எண்ணி முடியாது. இவற்றுக்கெல்லாம் விடை எங்கே இருக்கின்றது? பெரும்பாலான வீடுகளில் அது ஒரேயோரிடத்திலேதான் இருக்கின்றது. அவ்வீட்டுத் தாயாரின் தலைக்குள்ளே இருக்கின்றது.

வீட்டை ஒழுங்குபடுத்துதல் என்றவுடன், அலுமாரியில் உடுப்புகளை மடித்து அடுக்குவதையும் கதிரைகளைச் சுவரோரமாக வரிசைப்படுத்துவதையுமே பலர் எண்ணுவர். அது கண்ணுக்கு இனியது; அதனைக் குறைத்துக்கூற யான் வரவில்லை. எனினும் அலங்கோலமாகத் தோன்றும் பல வீடுகளை உற்று நோக்கினால் அவற்றிலும் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். எந்தப் பேணிக்குள் மஞ்சள் இருக்கின்றது, எந்த லாச்சிக்குள் காணி உறுதி இருக்கின்றது, எந்தக் கடைக்கு எவ்வளவு கடன் இருக்கின்றது என்பன யாவும் அங்கே திட்டவட்டமாக உள்ளன. ஆனால் அந்த ஒழுங்கு, ஒருவர் மாத்திரமே படிக்கக்கூடிய ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றது. அவர் செத்தவீடு ஒன்றுக்காக மூன்று நாள் கொழும்புக்குப் போய்விட்டால், அந்த மூன்று நாளும் தொலைபேசி ஓயாது. "கொத்தமல்லி எங்கே? பால்காரருக்கு எவ்வளவு? தம்பியின் பெல்ற்றைக் காணவில்லை."

பாடசாலையொன்றின் அதிபர் என்ற முறையில் இதன் மறுபக்கத்தை யான் அடிக்கடி காண்கின்றேன். காலை ஏழரை மணிக்கு மணியடிக்கும்பொழுது வரிசையில் ஒழுங்காக நிற்கும் பிள்ளை, திடீரென்று ஒரு வாரமாகப் பிந்தி வரும். கொப்பி இராது, பேனை இராது, சாப்பாட்டுப் பெட்டியும் இராது. வகுப்பாசிரியர் சினந்துகொள்வார். விசாரித்துப் பார்த்தால் தாயார் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் இருப்பார். பிள்ளை ஒரு வாரத்தில் சோம்பேறியாகிவிடவில்லை. அந்த வீட்டின் நினைவு வைத்தியசாலைக்குப் போய்விட்டது, அவ்வளவே.

மனிதனின் நினைவுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே வேளையில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய செய்திகள் ஏறத்தாழ ஏழு என, அமெரிக்க உளவியலறிஞர் ஜோர்ஜ் மில்லர் 1956ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் 2001இல் நெல்சன் கோவன் என்பவர் அதனை மேலும் குறைத்து, நான்கு அளவிலேயே நிறுத்தினார். நாலைந்து பொருள்களை மாத்திரம் ஏந்தக்கூடிய கையில் நாற்பதைக் கொடுத்தால் சில கீழே விழத்தான் செய்யும். விழுந்தவற்றைக் காட்டி, "இதைக்கூட மறந்துவிட்டாயே" என்று கேட்பது எம்மிற் பலருக்கு எளிதாக இருக்கின்றது.

இன்னொன்றும் உண்டு. லிதுவேனியாவில் பிறந்து பெர்லினில் குர்ட் லெவினிடம் பயின்ற புளூமா சைகார்னிக் என்னும் அம்மையார், முடிந்த வேலையைவிட முடியாத வேலையே மனத்தில் அதிகமாக நிற்கின்றது என்று 1927இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிற்காலத்தில் அதே சோதனையைச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே விளைவு கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று எமக்கு மிகவும் பயனுடையது. முடியாத வேலையொன்றை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொன்றை வாசிப்பவர்களுக்கு அந்த வேலை இடையிடையே குறுக்கிட்டுத் தொல்லை கொடுத்தது. அதனை எப்பொழுது, எங்கே, எவ்வாறு செய்வது என முன்கூட்டித் தீர்மானித்தவர்களுக்கோ அத்தொல்லை நீங்கியது. வேலை இன்னும் செய்யப்படவில்லை. செய்வதற்கு ஒரு நாளும் வழியும் குறிக்கப்பட்டன. அதுவே மனத்துக்கு ஆறுதலாயிற்று. இரவு பதினொரு மணிக்குப் படுத்தபின், "ஐயோ, நாளைக்குத் தண்ணீர்க் கட்டணம்" என்று எழுந்திருக்கும் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எழுதி வைத்தல் மறதிக்காரருக்கு உரியது என்று எண்ணுவோர் உளர். 1935ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அமெரிக்காவின் ரைற் விமானத்தளத்தில், போயிங் நிறுவனம் உருவாக்கிய நான்கு இயந்திரங்களைக் கொண்ட பெரிய விமானமொன்று சோதனையோட்டத்தின்போது மேலெழுந்தவுடனேயே வீழ்ந்து எரிந்தது. ஓட்டியவர் மிகுந்த அனுபவசாலி. வால்பகுதியின் அசைவுகளைத் தரையிற் பூட்டி வைக்கும் பூட்டைத் திறக்க அவர் மறந்துவிட்டார். இருவர் உயிரிழந்தனர். அதன்பின் விமானிகள் செய்த காரியம், புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டமை. எழுபது ஆண்டுகளின் பின்னர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் அம்முறை வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பத்தொன்பது குறிப்புகளைக் கொண்ட ஒரு தாளை எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் பயன்படுத்திப் பார்த்தபொழுது, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணங்கள் நூற்றுக்கு 1.5 என்ற அளவிலிருந்து 0.8க்குக் குறைந்தன. பெரிய வைத்தியருக்குத் தாளொன்று இழுக்கில்லையாயின் அடுப்படிக்கு மாத்திரம் எவ்வாறு இழுக்காகும்?

எமது நாட்டிலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கொழும்பு காசல் வீதிப் பெண்கள் வைத்தியசாலையில், 2000ஆம் ஆண்டளவில், யப்பானியத் தொழிற்சாலைகளில் வழங்கிவந்த ஐந்து படிகளைக் கொண்ட ஒழுங்குமுறையைப் புகுத்தினார்கள். வேண்டாதவற்றை நீக்குதல், வேண்டியவற்றுக்கு இடங்குறித்தல், துப்புரவு செய்தல், செய்ததை எல்லோர்க்கும் பொதுவான முறையாக்குதல், அம்முறையைப் பழக்கமாக்குதல் என்பன அவை. கோடிக்கணக்கான பணம் கொட்டிய திட்டமன்று அது. பொருளுக்குரிய இடத்தைக் கோடிட்டுக் காட்டுவதும், பெயரெழுதி ஒட்டுவதும், நிறங்களால் வேறுபடுத்துவதும் போன்ற சிறுசிறு செயல்களே அதன் உடல். 2007ஆம் ஆண்டு முதல் தன்சானியா முதலிய ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் அதனைப் பார்த்துப் படிக்க இங்கே வந்தார்கள். வறுமையைக் காரணங்காட்டி ஒழுங்கைத் தள்ளிவைப்பவர்கள் இச்செய்தியைக் கருதிப் பார்க்கலாம்.

அவ்வைந்தில் முதலாவதே எம்மவர்க்கு மிகக் கடினமானது. வேண்டாதவற்றை நீக்குதல்! ஒரு கையுடைந்த கதிரை, மூடியில்லாப் போத்தல்கள், ஓடாத மணிக்கூடு, கலியாணவீட்டில் கொடுத்த பைகள் எல்லாம் கட்டிலின் கீழ்க் கிடக்கும். இளைஞர்கள் இதைக் கண்டு நகைப்பதுண்டு. நகைக்குமுன் சற்றுப் பொறுக்க வேண்டும். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஓரிரவில் நடந்தார்கள். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை கரையோர வீடுகளைத் துடைத்தெடுத்தது. 2009இல் வன்னி மக்கள் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவந்தவர், பின்னர் ஒரு போத்தல் மூடியையும் எறிய மனம் கொள்ளார். அது கஞ்சத்தனமன்று, காயத்தின் தழும்பு. ஆகையால் முதியவர் இல்லாத வேளை பார்த்து அவருடைய பொருள்களை அள்ளி எறிதல் ஒழுங்குபடுத்தலாகாது. அவரையே அருகிருத்தி, "அப்பு, இதில் எதை வைத்திருப்போம்?" என்று கேட்டால், தாமாகவே பாதியைத் தள்ளிவிடுவார்.

இடம்பெயர்ந்த காலத்தில் எமது மக்கள் கற்றுக்கொண்ட ஓர் ஒழுங்கு உண்டு. அதைப்பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, காணி உறுதி, தேசிய அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம் யாவும் ஒரு பைக்குள். அந்தப் பை ஆணியிலே தொங்கும். அல்லது தலைமாட்டில் இருக்கும். சின்னப் பிள்ளைக்கும் அதன் இடம் தெரியும். நள்ளிரவில் ஓட நேர்ந்தால் கையில் முதலில் எடுபடுவது அதுவே. பை வைத்திருந்தவர்கள் பிற்காலத்தில் பட்ட பாடு குறைவு. இல்லாதவர்கள் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடமாடும் சேவைக்குமாக ஆண்டுக்கணக்காய் அலைந்தார்கள். அந்தப் பையை ஒழுங்கு பற்றிய நூல் எதையும் படித்து அவர்கள் அமைக்கவில்லை. ஒன்றுக்கு ஓரிடம், அந்த இடம் எல்லோர்க்கும் தெரியும் என்ற இரண்டே விதிகள்.

சமாதானம் வந்தது, பை கலைந்தது. இன்று சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டுமென்று சொன்ன பின்னரே பல வீடுகளில் பிறப்புப் பத்திரத்தைத் தேடத் தொடங்குகின்றார்கள். பதினைந்து வயது நிறைந்தவுடன் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அப்பொழுதே பத்திரத்தை எடுத்து ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்த்தால், பிள்ளையின் பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பதும், தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தோடும் மற்றோரிடத்தில் முழுமையாகவும் இருப்பதும் தெரியவரும். திருத்துவதற்கு அவகாசமும் இருக்கும். பரீட்சை விண்ணப்பம் அனுப்பும் வாரத்தில் அது தெரியவந்தால் தாயும் பிள்ளையும் கண்ணீரோடு எனது காரியாலய வாயிலில் நிற்பார்கள். ஆண்டுக்கு ஐந்தாறு பேரை யான் அவ்வாறு காண்கின்றேன். எனவே பழைய பையை மீண்டும் தொங்கவிடுங்கள். பத்திரங்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, வேறூரில் உள்ள நம்பிக்கையான உறவினரிடமும் ஒரு பிரதியைச் சேர்ப்பித்தால், வெள்ளம் வந்தாலும் முற்றாக அழியாது.

பொருளுக்கு இடம் எவ்வாறோ, செயலுக்கு நாள் அவ்வாறு. திருக்குறளிலே காலமறிதலும் இடனறிதலும் நாற்பத்தொன்பதாம், ஐம்பதாம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசனுக்குக் கூறியவை என்பர். ஆனால் மாதச் சம்பளத்தில் ஒரு குடும்பத்தை நடத்தும் அம்மையாருக்கு அரசனுக்குள்ள கவலைகளில் எது குறைவு?

நாள் குறிப்பதன் பயனை விளக்க நுளம்பைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்கு நோயாளராகப் பதிவானோர் 1,80,000க்கும் அதிகம். நோயைக் காவும் நுளம்பு சாக்கடையில் வளர்வதன்று; சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில் வளர்வது. முட்டை நீரிற் பட்டுக் குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறப்பதற்கு எமது வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் செல்லும். இதன் பொருளைக் கவனியுங்கள். வாரத்தில் ஒருநாள், தவறாமல் அதே நாளில், வளவைச் சுற்றி வந்து நீரைக் கொட்டிவிட்டால் எந்தக் குடம்பியும் சிறகு முளைக்கும் வரை வாழாது. "நேரம் கிடைக்கும்போது பார்ப்போம்" என்பவரின் வீட்டில் ஒருமுறை ஐந்து நாளிலும் அடுத்தமுறை பதினாறு நாளிலும் துப்புரவு நடக்கும். அந்தப் பதினாறு நாள் நுளம்புக்குத் தாராளம். உழைப்பு இரு வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு வீட்டில் காய்ச்சல், மற்ற வீட்டில் இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு நீரின்றி மாதக்கணக்கில் கிடக்கவல்லன. ஆகவே நீரைக் கொட்டினால் மாத்திரம் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வடக்கில் ஐப்பசி மழை தொடங்குமுன் இந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டால் நல்லது. நாளாக ஞாயிறு காலையைக் கொள்ளலாம். பெருமையோடு இதைச் செய்யக்கூடியவர் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை. அதற்கு நுளம்புக் குடம்பியைக் கண்டுபிடிப்பது வேட்டை.

மருந்தும் அத்தகையதே. இரத்த அழுத்தத்துக்குரிய குளிசையை ஒருநாள் விட்டால் வலி ஒன்றும் தோன்றாது. ஆகையால் விட்டது தெரியாது. கிளினிக் கொப்பி எங்கே இருக்கின்றது, அடுத்த திகதி எது, காலையில் எந்தக் குளிசை, இரவில் எந்தக் குளிசை என்பவற்றை ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, குளிசைகள் இருக்கும் இடத்திலேயே ஒட்டிவிட வேண்டும். முதியவர் திடீரென்று மயங்கி விழுந்து அயலவர் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தால், வைத்தியர் முதலில் கேட்பது, "என்ன மருந்து எடுக்கிறவர்?" என்பதே. அப்பொழுது மருமகள் வேலைத்தலத்தில் இருப்பாள். மட்டை வீட்டில் இருக்கும்.

இனி, சுமையைப் பகிர்தல் பற்றி ஒரு வார்த்தை. எமது வீடுகளில் ஆண்கள், "சொன்னால் செய்வேன்தானே" என்று கூறுவது வழக்கம். நல்ல மனத்தோடுதான் கூறுகின்றார்கள். ஆனால் சொல்வதற்கு ஒருவர் அதனை நினைத்திருக்க வேண்டும், ஏற்ற வேளை பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும், செய்தாரா என்று மீண்டும் பார்க்க வேண்டும், செய்யாவிடின் முகம் கோணாமல் இரண்டாம் முறை சொல்ல வேண்டும். கடைக்குப் போய்வருவது பத்து நிமிடம். இந்த நினைத்திருத்தலோ நாள் முழுவதும். அரிசி வாங்குவதைத் தந்தையார் பொறுப்பேற்பதாயின், அரிசி குறைவதைக் கவனிப்பதும் அவருடையதாக வேண்டும். அவ்வாறன்றி மூட்டையைச் சுமந்து வந்தமைக்கு மாத்திரம் பாராட்டை எதிர்பார்ப்பது, பரீட்சையில் பக்கத்து மேசைக்காரர் சொன்ன விடையை எழுதிவிட்டுப் புள்ளி கேட்பதை ஒக்கும்.

பிள்ளைகளுக்கும் வயதுக்கேற்ப ஒன்று முழுமையாகக் கொடுபட வேண்டும். இரவு படுக்குமுன் நாளைய நேரசூசியைப் பார்த்துப் புத்தகப் பையை அடுக்குதல் ஏழு வயதில் இயலும். முதல் மாதத்தில் இரண்டொரு கொப்பி வீட்டில் தங்கிவிடும். தாயார் அதைத் தூக்கிக்கொண்டு பாடசாலைப் படலைக்கு ஓடி வருகின்றார். வர வேண்டாம் என்று யான் கேட்டுக்கொள்கின்றேன். ஆசிரியர் சற்றுக் கடிந்துகொள்வார். பிள்ளை அதைத் தாங்கும். அடுத்த மாதம் பை நிறைந்திருக்கும்.

இவ்வளவும் கூறியமையால் வீட்டைப் பாசறையாக்கச் சொல்கின்றேன் என்று எவரும் கருதற்க. ஒழுங்கின்மீது மோகங்கொண்டு, விருந்தாளி வைத்த குவளையை உடனே எடுத்துத் துடைப்பவரும் உளர். அவருடைய வீட்டில் இருக்கவே அச்சமாயிருக்கும். யாழ்ப்பாணத்தில் இரு வேலிகளுக்கிடையே செல்லும் சிறு பாதையை ஒழுங்கை என்போம். அது நேராக இருப்பதில்லை, மாமரத்துக்கு வளைந்துகொடுக்கும், கிணற்றுக்கு விலகிப் போகும். ஆயினும் விளக்கில்லாத இரவிலும் கால் தானாக வீட்டுக்கு நடந்துவிடும். வீட்டொழுங்கும் அவ்வளவில் அமைந்தாற் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். அலுமாரியில் தொடங்க வேண்டாம். வருகின்ற சனிக்கிழமை மாலை, தேநீருக்குப் பின், வீட்டை நினைவில் வைத்திருப்பவரைக் கதிரையில் இருத்துங்கள். மற்றவர்கள் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தமது தலையில் உள்ளவற்றை வாய்விட்டுச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். இடையில் ஒருவரும் குறுக்கிட்டு நியாயம் பேசலாகாது. ஒரு மணி நேரமாகலாம். இரண்டு பக்கம் நிரம்பலாம். பின்னர் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓரிடத்தையோ, ஒரு நாளையோ, ஒரு பெயரையோ எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் அதே பெயரே வருமாயின் கொப்பியை மூடாதீர்கள். இன்னொரு தேநீர் ஊற்றலாம். அதை இம்முறை வேறொருவர் ஊற்றட்டும். தேயிலைப் பேணி எங்கே என்று கேளாமலே.